சுமலதாவைக் கேட்காமல் எடுத்த படம்

சுமலதாவின் படம் பேப்பரில் வந்த அன்று, அவளுக்கு முன்பே ஊர் அதைப் பார்த்துவிட்டது. அவள் வீட்டுக்குள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போன்ற வலியோடு படுத்திருந்தாள். அப்பா ராமப்பன் மாந்தோப்புக்கு மருந்தடிக்கப் போகிற வழியில் நாகரசம்பட்டி டீக்கடையில் நின்றார். கடைக்காரர் பேப்பரை அவர் பக்கம் திருப்பி, “இது உம் பொண்ணுதானப்பா?” என்று கேட்டார். ராமப்பன் டீயைக் குடிக்கவில்லை. பேப்பரை விலைக்கு வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அந்த ஒரு பேப்பரை மறைத்துவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சுமலதா எழுந்து உட்கார்ந்து அதை வாங்கிப் பார்த்தாள்.

நான்கு பத்தி அகலத்துக்குப் படம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டின் சிமெண்ட் தரையில் அவள் கிடக்கிறாள். துப்பட்டா எங்கோ போயிருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணி, கன்னத்தில் நுரை. விரல்களுக்குள் யாரோ திணித்த சாவிக்கொத்து. தலைமாட்டில் ஒரு போலீஸ்காரர் மண்டியிட்டிருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் ‘காக்கிக்குள் ஈரம்! வலிப்பில் துடித்த இளம்பெண்ணை மீட்ட காவலர்’ என்று போட்டிருந்தார்கள். கீழே அவள் பெயர், வயது, ஊர், வேலை பார்க்கும் கம்பெனி எல்லாம் இருந்தன. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ‘காக்கா வலிப்பு என்னும் கொடிய நோயால் பல ஆண்டுகளாக அவதிப்பட்டு வரும் அப்பாவிப் பெண்’ என்று ஒரு வரி. ‘காவலர் சமயோசிதமாக இரும்புச் சாவியைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றது’ என்று இன்னொரு வரி.

அம்மா சென்னம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “இனிமே உன்னை எவன் வந்து கேப்பான் பாப்பா?”

சுமலதாவுக்கு அழுகை வரவில்லை. அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிப்பு வரும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததில்லை. அவளே பார்த்திராத ஒன்றை மாவட்டமே பார்த்தாகிவிட்டது.

அவளுக்கு முதலில் வலிப்பு வந்தது பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு படிக்கும்போது. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், செருப்பை முகரவைத்தார்கள். பிறகு தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒருவர், “இது மூளையில கரண்ட் கொஞ்சம் தாறுமாறா ஓடற மாதிரிம்மா, மாத்திரை போட்டா அடங்கும்” என்று சொன்னார். சொன்னபடியே அடங்கியது. பல் தேய்ப்பதுபோல மாத்திரையும் தினப்படி வேலையாகிவிட்டது. பிளஸ் டூ முடித்தாள், டிப்ளமோ முடித்தாள், போச்சம்பள்ளியில் கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். மாத்திரை அட்டை அவள் டிபன் பாக்ஸ் பையிலேயே இருக்கும். பக்கத்து இருக்கைக்காரி ஃபெபாவுக்கும் லைன் சூப்பர்வைசருக்கும் விஷயம் தெரியும். ஃபெபா கிருஷ்ணகிரிக்காரி, தேவாலயக் கொயரில் பாடுகிறவள், வாய் ஓயாது. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுமலதா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் அதற்கு வேலையே வரவில்லை. கம்பெனிக்குள் ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை.

அந்த மாதம் ஏற்றுமதி ஆர்டர் என்று சொல்லி நைட் ஷிப்ட்டாகவே போட்டார்கள். பகலில் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் தூக்கம் வருமா? மாத்திரையைத் தவறவிடவில்லை, தூக்கத்தைத்தான் தவறவிட்டாள். ஷிப்ட் முடிந்து, காலைக் கடித்த புதுச் செருப்பைக் கடையில் மாற்றலாம் என்று கிருஷ்ணகிரி போனவள் பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்துவிட்டாள்.

கண் விழித்தபோது உதட்டில் ரத்தம். முன்பல் ஒன்று முனை உடைந்திருந்தது. யாரோ பல்லிடுக்கில் ஸ்பூனை நுழைத்திருக்கிறார்கள். அந்தப் போலீஸ்காரர்தான் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தார். “நவுருங்க, காத்து வரட்டும், இது என்ன சினிமாவா?” என்று அவர் கத்தியது அவளுக்கு மங்கலாகக் காதில் விழுந்தது. தேடிப்பிடித்து துப்பட்டாவைப் போர்த்தினார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஹெச்.ஆர். சுரேந்தர் கோயம்புத்தூர்க்காரர், ரொம்ப மரியாதையாகப் பேசுவார்.

“கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சுமலதா. மேனேஜ்மெண்ட்ல பேப்பரைப் பாத்துட்டாங்க. நம்ம கம்பெனி பேர் வேற வந்திருக்குதுங்களா, கொஞ்சம் சங்கடமாப் போச்சுங்க.”

“எவ்ளோ நாள் சார்?”

“பிட்னஸ் சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பாக்கலாங்க.”

அதே வாரம், காவேரிப்பட்டணத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. சென்னம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

“வராட்டிப் போவட்டும்மா,” என்றாள் சுமலதா. “நானே அவங்களுக்குச் சொல்றதா இருந்தேன். என் வாயால சொல்லியிருப்பேன். அதைக்கூட அந்தப் பேப்பரு புடுங்கிக்கிச்சு.”

தர்மபுரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். அவர், வேலை செய்யத் தடையில்லை, நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம் என்று சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். வரும் வழியில் கிருஷ்ணகிரியில் இறங்கி, பேப்பர் ஆபீஸ் எங்கே என்று விசாரித்துப் போனாள். ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. நிருபர் மாதேஸ்வரன் அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஒரு நல்ல செய்தி போட்டோம் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

“வாம்மா, வா! உடம்பு தேவலையா? ஆன்லைன்லயும் செம்ம ஹிட்டு தெரியுமா? அந்தப் போலீஸ்காரருக்கு எல்லாரும் போன் பண்ணிப் பாராட்றாங்க.”

“என்னைக் கேக்காம ஏன் சார் என் படத்தைப் போட்டீங்க?”

மாதேஸ்வரனுக்குக் கேள்வி புரியவில்லை. “நீ மயக்கத்துல இருந்தியேம்மா, எப்படிக் கேக்கறது?”

“முழிச்சதுக்கு அப்புறம் கேட்டிருக்கலாமில்ல? என் பேரு, ஊரு, கம்பெனி எல்லாம் கண்டுபுடிச்சீங்க. என்னைக் கண்டுபுடிக்க முடியலையா?”

“இது பாசிட்டிவ் நியூஸ்ம்மா. உன்னைப் பத்திக் கெட்டதா ஒரு வார்த்தை எழுதல.”

“கொடிய நோயின்னு எழுதியிருக்கீங்க. பல வருசமா அவதிப்படறேன்னு எழுதியிருக்கீங்க. நான் அவதிப்படறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னாங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். மறுப்பெல்லாம் போட முடியாது, சேலத்தில் ஆசிரியர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். வேண்டுமானால் வாசகர்களிடம் உதவி கேட்டு ஒரு செய்தி போடலாம் என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே அதைக் கைவிட்டு, “நவம்பர்ல வலிப்பு தினம் வருது. அப்ப உன்னை வெச்சு ஒரு தன்னம்பிக்கை ஸ்டோரி பண்ணிடுவோம். நோயை வென்ற சிங்கப்பெண், அப்படி!” என்றார்.

“எனக்கு நவம்பர்ல மட்டும் வலிப்பு வர்றதில்ல சார். நான் அதை வெல்லவும் இல்ல. மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போறேன், அவ்ளோதான். அந்தப் படத்தை எடுத்துடுங்க.”

இணையத்தில் இருப்பதையாவது எடுக்கச் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்தார். மறுநாள் ஃபெபா போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அனுப்பினாள். படம் அப்படியேதான் இருந்தது. அவள் கண்கள் மீது மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. சங்கிலி அறுத்துப் பிடிபட்டவர்களுக்குப் போடுவார்களே, அதே பட்டை. பெயரும் ஊரும் கீழே பத்திரமாக இருந்தன.

சுமலதா முதலில் சிரித்துவிட்டாள். பிறகு போனைக் கட்டிலில் வீசினாள்.

அடுத்த வாரம் மாதேஸ்வரனே வீடு தேடி வந்தார். ஊரில் உள்ள தொண்டு அமைப்பு ஒன்று அந்தப் போலீஸ்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடத்துகிறது. சுமலதா வந்து அவருக்குச் சால்வை போட வேண்டும். எல்லாப் பேப்பரும் வரும், உள்ளூர் டிவியும் வரும்.

ராமப்பன் மகளைப் பார்த்தார். அவள் காறித் துப்பப்போகிறாள் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“வரேன் சார்,” என்றாள் சுமலதா.

நிருபர் போன பிறகு சென்னம்மா வாசலை மறித்துக்கொண்டாள். “இன்னா பண்ணப் போற நீ?”

“சால்வை போடப் போறேன்.”

“பொய்யி சொல்லாத பாப்பா. உம் மூஞ்சியே சரியில்ல.”

“அவருக்குச் சால்வை போடணும்மா. அது பாக்கிதான். அப்புறம் ரெண்டு வார்த்தை பேசுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டாள். அரக்கு நிறப் பட்டுச்சேலை, காதில் ஜிமிக்கி. ஃபெபா கூட வந்தாள். மண்டபத்தில் பாதி நாற்காலி நிரம்பியிருந்தது. முன்வரிசையில் நிருபர்கள், கேமராக்கள். போலீஸ்காரர் பெயர் முனிராஜ், தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மேடை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். இந்த விழா எப்போது முடியும் என்று காத்திருப்பவர்போலத் தெரிந்தார்.

சுமலதா சால்வையைப் போட்டாள். கேமராக்கள் மின்னின. அமைப்பின் தலைவர் அவளிடம் மைக்கைக் கொடுத்து, “ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா” என்றார்.

“சாருக்கு மனசார நன்றி,” என்று ஆரம்பித்தாள். “நான் நெனப்பில்லாமக் கெடந்தப்ப என்னைச் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தவங்களை எல்லாம் விரட்டினாரு. என் மேல துணி போத்தினாரு. அதை நான் மறக்கமாட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். “அவரு விரட்டுன கூட்டத்தை நீங்க திரும்பக் கூட்டிட்டு வந்தீங்க. பஸ் ஸ்டாண்டு அளவுக்கு இருந்த கூட்டத்தை மாவட்டம் அளவுக்கு ஆக்கிட்டீங்க. அவரு போத்துன துணியை நீங்க எடுத்துட்டீங்க.”

தலைவர் சிரித்தபடியே மைக்குக்காகக் கையை நீட்டினார். அவள் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

“சாவி குடுத்ததால வலிப்பு நிக்கல. ரெண்டு மூணு நிமிசத்துல அது பெரும்பாலும் தானே நிக்கும். இனிமே அதைப் படிச்சுட்டு எல்லாரும் சாவியத்தான் தேடுவாங்க. ஸ்பூனு உட்டு என் பல்லு ஒடைஞ்சதை யாரும் எழுதல.” அவள் உதட்டைத் தூக்கி உடைந்த பல்லைக் காட்டினாள். மண்டபத்தில் பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். “உச்சுக்கொட்டாதீங்க. நான் பரிதாபத்துக்கு வரல. என் வேலையை நிறுத்தி வெச்சிருக்காங்க. வலிப்பு வந்ததுக்கு இல்ல, பேப்பர்ல வந்ததுக்கு.”

“சரிம்மா, சரிம்மா, நேரமாச்சு,” என்றார் தலைவர்.

அப்போது முனிராஜ் எழுந்தார். சால்வை ஒரு தோளிலிருந்து நழுவியது. ஆத்திரப்படப்போகிறார் என்று சுமலதா பயந்தாள். அவர் மைக் இல்லாமலேயே, கொஞ்சம் தடுமாறிக் கேட்டார். “எங்க ஊர்ல சாவிதாம்மா குடுப்பாங்க. எனக்கு வேற தெரியாது. அப்ப இன்னா செய்யணும்? சொல்லு. நான் தெனமும் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறேன்.”

சுமலதா அதை எதிர்பார்க்கவில்லை. ஃபெபா கூப்பிடாமலேயே மேடை ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, மல்லாக்கப் படுத்துவிட்டாள். “நடத்துடி,” என்றாள் மெல்ல.

சுமலதா பட்டுச்சேலையோடு மண்டியிட்டாள். பக்கத்தில் அடிபடுகிற பொருள் இருந்தால் நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் நுழைக்காதீர்கள், கை கால் உதறல் நின்றதும் இப்படி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்று சொன்னபடியே முனிராஜைக் கொண்டு ஃபெபாவைத் திருப்ப வைத்தாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் நூற்றெட்டுக்குப் போன். அவ்வளவுதான். முனிராஜ் சால்வையை மடித்து ஃபெபாவின் தலைக்கு அடியில் வைத்தார்.

பிறகு சுமலதா நிமிர்ந்து கேமராக்களைப் பார்த்தாள்.

“இப்ப எடுங்க போட்டோ. இப்ப நான் முழிச்சிருக்கேன்.”

சிலர் எடுத்தார்கள். சிலர் கேமராவைப் பைக்குள் வைத்தார்கள். மாதேஸ்வரன் தலை குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ராமப்பன் டீக்கடையில் எல்லாப் பேப்பரையும் வாங்கி வந்தார். இந்த முறை இடுப்பில் மறைக்கவில்லை, கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மாதேஸ்வரனின் பேப்பரில் சால்வை போட்ட முனிராஜ் மட்டும் இருந்தார். சால்வையின் ஓரத்தில் தெரிந்த இரண்டு வளையல் கைகள் சுமலதாவுடையவை. இன்னொரு பேப்பர் ‘பாராட்டு விழாவில் இளம்பெண் வாக்குவாதம், மண்டபத்தில் பரபரப்பு’ என்று போட்டிருந்தது. மூன்றாவது, சின்னப் பேப்பர். அது ஒன்றுதான் அவள் சொன்னதைச் சொன்னபடி போட்டு, மண்டியிட்டிருக்கும் அவள் படத்தையும் பெரிதாகப் போட்டிருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: ‘மேடையில் வலிப்பு வந்த தோழிக்கு முதலுதவி செய்யும் சுமலதா.’

ஃபெபா உடனே போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்கம்மா பேப்பரைப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்கடி! எனக்கு எப்ப இருந்து இருக்குதுன்னு கேக்கறாங்க.”

“ஐயோ, நான் இப்பவே அவங்களுக்குப் போன் பண்றேன். திருத்தம் போடச் சொல்றேன்.”

“வேணாம் விடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். பேப்பர்ல மாத்த வேணாம்.” ஃபெபா ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்தினாள். “இருந்தா என்ன இப்போ? அசிங்கமா?”

சுமலதா அன்று முதல்முறையாக அழுதாள். அது அவமானத்தில் வந்த அழுகை இல்லை.

செவ்வாய்க்கிழமை யாரையும் கேட்காமல் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் தடுக்கவில்லை. கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். “லிஸ்ட்ல பேர் இல்லம்மா.” அவள் சண்டை போடவில்லை. கேட்டுக்கு எதிரில் இருந்த சிறு பாலத்தின் சுவரில், டாக்டர் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அதே. சாப்பாட்டு நேரத்தில் அவள் லைன் பெண்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து அவளோடு நின்று சாப்பிட்டார்கள். முதலில் ஃபெபாவும் இன்னொருத்தியும்தான் வந்தார்கள். போகப்போகப் பாலத்துச் சுவரில் இடம் போதவில்லை. லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து என்னவென்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் சுரேந்தர் அவளை உள்ளே கூப்பிட்டார். சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

“நைட் ஷிப்ட் இல்லாமப் போட்டுக்கலாங்க. ஆனா ஒரு ரெக்வஸ்ட்டு. மறுபடி பேப்பர்ல எல்லாம் வராம பாத்துக்கோங்க.”

“வரும் சார்,” என்றாள் சுமலதா. “ஆனா இனிமே என்னைக் கேட்டுட்டுத்தான் வரும்.”

சுரேந்தர் கையெழுத்துப் போட்டார். அன்று மதியம் அவள் தன் இருக்கையில் உட்கார்ந்து வயர் கட்டத் தொடங்கினாள்.

அவளுக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பேப்பரில் வலிப்பு என்று எங்கு வந்தாலும் படிப்பாள். கிணற்றில் விழுந்தவர், அடுப்பில் விழுந்தவர், எல்லாருக்கும் ‘வலிப்பு நோய் இருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று ஒரு வரி ஒட்டியிருக்கும். யார் கூறினார் என்று இருக்காது. அவள் கடைசிப் பக்கத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, “யாரு கூறினாங்க?” என்று கேட்பாள். பெரும்பாலும் வைத்துவிடுவார்கள். அவள் மறுபடி போடுவாள். அந்தப் பழைய படத்தையும் இப்படிப் போன் போட்டுப் போட்டேதான் ஒருநாள் முழுசாக எடுக்க வைத்தாள்.

போன மாதம் ஓசூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி டிவைடரில் ஏறிக் கவிழ்ந்தது. டிரைவர் ஆஸ்பத்திரியில். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது சுமலதாவுக்கு மாதேஸ்வரன் போன் செய்தார். கல்யாண மண்டபத்துக்குப் பிறகு அவர் பேசுவது அதுதான் முதல் தடவை. குரல் விறைப்பாக இருந்தது.

“சம்பவ எடத்துல டிரைவருக்கு வலிப்பு வந்துடுச்சுன்னு பேசிக்கிறாங்க. அதான்… எழுதறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேக்கலாம்னு.”

“டாக்டர் சொன்னாரா சார்?”

“இல்ல.”

“அந்த டிரைவர் சொன்னாரா?”

“அவரு இன்னும் முழிக்கல.”

“அப்ப முழிக்கட்டும் சார்.”

“செரி,” என்று சொல்லிவிட்டு மாதேஸ்வரன் வைத்துவிட்டார்.

மறுநாள் செய்தியில் லாரியின் நம்பர் இருந்தது, போக்குவரத்து பாதிக்கப்பட்ட நேரம் இருந்தது, விபத்துக்கான காரணம் குறித்து விசாரணை நடக்கிறது என்று இருந்தது. டிரைவரின் படம் இல்லை. சுமலதா அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த ஃபெபாவிடம் நீட்டினாள்.